அவித்த நெல்

ஆகஸ்ட் என்றால் என்ன, நவம்பர் என்றால் என்ன என்று ஆறு வயதுப் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு உங்களையே பார்த்துக்கொண்டு நிற்கும். அதனால்தான் ஃபிளோரா டீச்சர் தன் வகுப்பில் மாதக் காலண்டர் மாட்டுவதில்லை. ஒரு பெரிய சார்ட் அட்டையில் வட்டம் போட்டு, அதை ஏழு துண்டாகப் பிரித்துப் படம் வரைந்து வைத்திருந்தார். புதுத்தண்ணி, விதை, நாத்து, மழை, பனி, கதிர், வெயில். துணி காயப்போடும் கிளிப் ஒன்று அந்த வட்டத்தின் ஓரத்தில் நகர்ந்துகொண்டே இருக்கும். காலையில் முதல் கேள்வியே அதுதான்.

"இன்னைக்கு எதுல இருக்கோம்?"

"மழையில டீச்சர்!" என்று பத்தொன்பது தொண்டைகளும் கூரை கிழியக் கத்தும்.

பூதலூரிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் அந்தத் தொடக்கப் பள்ளியில் இருபத்து மூன்று வருஷமாக ஒன்றாம் வகுப்பு அவருடையதுதான். வாய்க்காலில் முதல் தண்ணீர் வரும் நாளில் பிள்ளைகளைக் கையைக் கோத்து வரிசையாக மதகுக்குக் கூட்டிப்போவார். மழைக்காலத்தில், தலை வெட்டிய தண்ணீர் பாட்டிலை வெளியே வைத்து, எத்தனை விரற்கடை பெய்தது என்று அளக்க வைப்பார். மார்கழிப் பனியில் தலைமையாசிரியரின் பைக் சீட்டுதான் கரும்பலகை. அதில் விரலால் 'அ' எழுதப் பிள்ளைகள் அடித்துக்கொள்ளும். அவரும் பாவம், முதல் மணி அடிக்கும்வரை சீட்டைத் துடைக்கமாட்டார்.

இத்தனை செய்கிற டீச்சருக்கு ஒரே ஒரு குறை. வயல் தெரியாது. பிறந்தது நாகப்பட்டினத்தில், கடலோரக் குடும்பம். மீனைக் கண்ணைப் பார்த்தே எப்போது பிடித்தது என்று சொல்லிவிடுவார். நெல்லை அவரிடம் நீட்டினால் அது நெல், அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு, அதைக் குறை என்று சொல்ல வாய் வராது. பிள்ளை அழுதால் அவருக்குத் தாங்காது. எதையாவது சொல்லி, எதையாவது செய்து அந்த அழுகையை நிறுத்தியாக வேண்டும்.

அந்த வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் வழக்கம்போல விதைப் பாடம். ஆளுக்கொரு தயிர்க் கப், அதில் மண், வீட்டிலிருந்து கொண்டுவந்த பத்து நெல். பத்துவரை எண்ணப் படித்த மாதிரியும் ஆயிற்று, விதைத்த மாதிரியும் ஆயிற்று. ஐந்தாம் நாள் எல்லாக் கப்பிலும் வெள்ளையாக முனை தெரிந்தது. ஏழாம் நாள் பச்சை. சுடர்விழியின் கப்பில் மட்டும் ஈர மண், வேறு ஒன்றும் இல்லை.

சுடர்விழி பேசுகிற பிள்ளை இல்லை. அவளுடைய அம்மா செம்மொழி தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மார்பில் கட்டி, ரொம்ப முற்றிய பிறகுதான் காட்டியிருந்தார்கள். அப்பா நெடுஞ்செழியன் அறுவடை மெஷின் ஓட்டுகிறவன், இப்போது பாதி நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். பிள்ளை பக்கத்து வீட்டில் தின்று, பக்கத்து வீட்டில் தூங்கி, தானே கோணலாகப் பின்னிய சடையோடு பள்ளிக்கு வந்துகொண்டிருந்தது.

எட்டாம் நாள் அவள் கப்பை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடப் போகாமல் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாம்மா சுடரு?"

"என்னுது மட்டும் வரல டீச்சர்." அவ்வளவுதான் சொன்னாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

ஃபிளோரா டீச்சர் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "நாளைக்கு வந்துடும் பாரேன்," என்று சொல்லிவிட்டார். சொன்னால் போதுமா? சாயங்காலம் எல்லாரும் போனபின், மற்ற கப்புகளிலிருந்து கப்புக்கு ஒன்றாகப் பத்து முளைகளைப் பெயர்த்தார். சுடர்விழியின் கப்பிலிருந்த மண்ணை அடிபம்பு ஓரத்தில் கொட்டித் தட்டினார். புது மண் போட்டு, பத்து முளைகளையும் நட்டுத் தண்ணீர் தெளித்து, திருட்டுத்தனம் செய்த பிள்ளை மாதிரி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! கப்பைத் தூக்கிக்கொண்டு தலைமையாசிரியர் அறைவரைக்கும் ஓடிக் காட்டிவிட்டு வந்தாள். வந்தவள் சுவரில் இருந்த வட்டத்தைப் பார்த்து, "டீச்சர், எங்கம்மா எதுல வருவாங்க?" என்று கேட்டாள்.

அங்கேதான் வந்தது வினை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கலாம். டீச்சர் கிளிப்பை எடுத்துக் 'கதிர்' படத்தின் மேல் ஒருமுறை தட்டிக் காட்டினார்.

"ஒன் நெல்லு கதிர் விட்டு முத்தினதும் அம்மா வந்துடுவாங்க, பாரு."

அதற்கப்புறம் அந்தப் பிள்ளை படித்த படிப்பே வேறு. நாற்றைப் பிடுங்கிப் பள்ளி முற்றத்து உடைந்த சிமென்ட் தொட்டியில் நட்டார்கள். ஐஸ் குச்சியில் பெயர் எழுதி ஊன்றினார்கள். மற்ற பிள்ளைகள் இரண்டு நாளில் மறந்துபோய் விளையாடப் போய்விட்டன. சுடர்விழி மட்டும் காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, போகும்போது ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாள்.

கார்த்திகையில் விடாத மழை. பள்ளிக்கு விடுமுறை விட்ட ஒருநாள் ஃபிளோரா டீச்சர் பஸ் ஏறித் தஞ்சாவூர் போய்ச் செம்மொழியைப் பார்த்தார். கட்டிலில் இருந்தது பாதி செம்மொழிதான். தலையில் துண்டு கட்டியிருந்தாள். டீச்சரைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"படுங்கம்மா, படுங்க. நல்லாருக்கா ஒங்க பொண்ணு. நூறுவரைக்கும் எண்ணுறா."

"தெரியும் டீச்சர். போன்ல எண்ணிக் காட்டுச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அது ஸ்கூலுக்குக் கொண்டாந்த நெல்லு எது தெரியுமா?"

"வீட்டு நெல்லுன்னு சொன்னா."

"வீட்டு நெல்லுதான். நான் அவிச்ச நெல்லு."

டீச்சருக்குப் புரியவில்லை. கடலோரத்துக்காரிக்கு எப்படிப் புரியும்? செம்மொழிதான் சொன்னாள். ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின வாரம், உடம்பு முடியாமலே, அண்டாவை ஏற்றி மூன்று மூட்டை நெல்லை ஊறவைத்து அவித்துக் காயப்போட்டு மூட்டை கட்டி வைத்துவிட்டு வந்திருக்கிறாள். தான் இல்லாத நாளில் புருஷனும் பிள்ளையும் அரிசிக்கு அல்லாடக்கூடாது, வேண்டும்போது கொஞ்சம் கொஞ்சமாக மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்ளட்டும் என்று. அந்த மூட்டையில்தான் பிள்ளை கையைவிட்டு, பத்து எண்ணி எடுத்திருக்கிறது.

"அவிச்ச நெல்லு எப்புடி டீச்சர் முளைக்கும்? அதுக்குள்ளதான் உசுரு இல்லியே."

டீச்சரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. செம்மொழி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சிரித்தாள்.

"நீங்க நல்ல மனசுல செஞ்சீங்க. நான் கோச்சுக்கல. ஆனா அது எங்கிட்ட என்னா சொல்லுது தெரியுமா? கதிர் வந்துடுச்சும்மா, நீ ரெடியா இருன்னு சொல்லுது. டாக்டரு அவங்கப்பாகிட்ட சொன்னது எங்காதுலயும் விழுந்துச்சு. நான் வரமாட்டேன் டீச்சர்." அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களே சொல்லிடுங்க. ஒங்க பேச்சத்தான் அது நம்பும். எம்புள்ள வாசலப் பாத்துக்கிட்டு ஒக்காந்துடக் கூடாது."

வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்வது என்றால் என்ன என்று ஃபிளோரா டீச்சருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. சுனாமியில் போன தம்பி ரெமிஜியஸின் உடல் கிடைக்கவேயில்லை. வேறு ஊரில் ஏதாவது ஆஸ்பத்திரியில் இருப்பான் என்று அன்றைக்கு யாரோ ஆறுதலுக்குச் சொல்லிவைத்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, அவர்களுடைய அம்மா ஒன்பது வருஷம் ஒவ்வொரு ராத்திரியும் அவன் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் படுத்தாள். சொன்ன அந்த மனிதனை டீச்சர் எத்தனை நாள் கரித்துக்கொட்டியிருப்பார்! கடைசியில் அதே வேலையைத் தானே செய்திருக்கிறார். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் மறுநாள் போனார். பிள்ளை ஓடிவந்து, "பூ வந்திருக்கு டீச்சர், பொடிப் பொடியா!" என்றது. சொல்ல முடியவில்லை. அடுத்த நாள் யாருக்கோ பிறந்தநாள், சாக்லெட் கொடுத்தார்கள். அதற்கடுத்த நாள் மழை. நாளைக்கு, நாளைக்கு என்று ஃபிளோரா டீச்சர் நாளைக் கடத்தினார். அரையாண்டு விடுமுறை வந்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் நெடுஞ்செழியன் போன் செய்தான். "டீச்சர்... டீச்சர்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

வாய்க்கால் கரையில் இருக்கும் இடுகாட்டில் செம்மொழியைப் புதைத்தார்கள். டீச்சர் போயிருந்தார். கூட்டத்துக்குள் ஒரு பெண்ணின் இடுப்பில் உட்கார்ந்திருந்த சுடர்விழி அழவில்லை. டீச்சரைப் பார்த்ததும் லேசாகத் தலையை ஆட்டினாள், தங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருக்கிற மாதிரி.

காரியம் முடிந்து, பொங்கலுக்கு முன்னமே பிள்ளை பள்ளிக்கு வந்துவிட்டது. கிளிப் இப்போது 'கதிர்' படத்தில் இருந்தது. தொட்டியில் நெல் பழுத்துத் தலை சாய்ந்திருந்தது. டீச்சர் ஒன்றைக் கவனித்தார். சுடர்விழியின் தண்ணீர் பாட்டில் காலையிலேயே பாதி காலியாக இருந்தது. மத்தியானம் பக்கத்துப் பிள்ளையிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

அறுவடை நாள் வந்தது. வகுப்புக் கத்தரிக்கோலை வரிசையாக வாங்கிப் பிள்ளைகள் ஆளுக்கொரு கதிரை வெட்டி, மணி எண்ண உட்கார்ந்தன. சுடர்விழி தன் கதிரை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு டீச்சரிடம் வந்தாள். அன்றைக்குச் சடை நேராக இருந்தது, பூ வைத்திருந்தாள்.

"முத்திடுச்சு டீச்சர்."

"ஆமாம்மா."

"எங்கப்பாவுக்கு ஒண்ணுமே தெரியல டீச்சர். அம்மா வரமாட்டாங்களாம். அவிச்ச நெல்லு முளைக்குமா, அது மாதிரிதாங்குறாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் கொண்டாந்தது அவிச்ச நெல்லுதான டீச்சர்? அதுவே முளைச்சுதுல்ல? நான் தெனம் வர்ற வழியில பாட்டில்ல இருந்து பாதித் தண்ணி ஊத்திட்டுத்தான் வர்றேன். அம்மா மண்ணுக்குள்ளதான இருக்காங்க."

ஃபிளோரா டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கர்த்தரே, இந்த வாயை வைத்துக்கொண்டு நான் என்ன செய்துவிட்டேன் என்று நெஞ்சுக்குள் அலறினார். வகுப்பில் மற்ற பதினெட்டும் முப்பத்தொண்ணு, முப்பத்திரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தன. இனி ஒருநாள் தள்ளினாலும் அந்தப் பிள்ளை கோடைக்கும் அந்த மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் இருக்கும்.

"சுடரு, இங்க வா. டீச்சர் பொய் சொல்லிட்டேன்டா."

பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பத்து நெல்லும் முளைக்கவில்லை என்று சொன்னார். மற்றவர்கள் கப்பிலிருந்து தானே எடுத்து நட்டதைச் சொன்னார். அவித்த நெல் முளைக்காது, அப்பா சொன்னதுதான் சரி, அம்மா வரமாட்டார்கள் என்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அடிக்கட்டும், கத்தட்டும், தரையில் புரண்டு அழட்டும் என்று காத்திருந்தார்.

சுடர்விழி கையிலிருந்த கதிரைப் பார்த்தாள். அதை மெதுவாக டீச்சர் மடியில் வைத்தாள். தன்னுடையது இல்லாத பொருளைத் திருப்பிக் கொடுக்கிற பிள்ளை மாதிரி வைத்தாள்.

"அப்ப என் நெல்லு எங்க டீச்சர்?"

"எதும்மா?"

"நான் கொண்டாந்த நெல்லு. எங்கம்மா அவிச்சது."

"வீட்டுல... மூட்டையில இன்னும் இருக்கும்ல கண்ணு?"

"இல்ல. தீந்துடுச்சு. காரியத்துச் சாப்பாட்டுக்கு எல்லாத்தையும் அரைச்சுட்டாங்க."

ஃபிளோரா டீச்சர் எழுந்தார். வேறு என்ன செய்வார்? பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, அன்றைக்கு அந்த மண்ணைக் கொட்டிய அடிபம்பு ஓரத்துக்குப் போனார். ஐந்து மாத மழை பெய்து ஓய்ந்த இடம். தட்டுக் கழுவும் தண்ணீர் ஓடி ஓடிப் பாசி பிடித்துக் கிடந்தது. மைனாக்கள் பொறுக்கித் தின்று மீந்த இடம். அவருக்குத் தெரியும், ஒன்றும் இருக்காது.

சுடர்விழி பாவாடையைச் செருகிக்கொண்டு குந்தி உட்கார்ந்து மண்ணைக் கிளற ஆரம்பித்தாள். டீச்சரும் சேலையோடு ஈரத்தில் உட்கார்ந்து, மண்ணை உள்ளங்கையில் அள்ளி அள்ளி விரலால் பரத்திப் பார்த்தார். மணி அடித்தது. பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்து சுற்றி நின்று வேடிக்கை பார்த்தன.

"பத்து இருக்கணும் டீச்சர்," என்றாள் சுடர்விழி. இப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மூக்கும் கண்ணும் ஒழுக, மண்ணிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள். "நான் எண்ணித்தான் போட்டேன். நல்லாத் தேடுங்க."

டீச்சர் தேடினார்.