அக்காவின் காதை எழுதியவர்

என் அக்கா குழந்தையாக இருந்தபோது வெந்நீர் பட்டு அவள் இடது காது சுருங்கிப்போனது. அதை மறைக்கத்தான் தலைமுடியைத் தளர்த்திக் கட்டுவாள். கண்டிக்கு அருகே, கெலிஓயாவுக்கு மேலேயிருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அப்படியொரு காது வேறு யாருக்கும் இல்லை. எங்கள் தோட்டத்துப் பெண்களை ஆராய வந்தவருக்கு இது தெரிந்திருந்தது. தெரிந்துதான் எழுதினார்.

அவர் வெளிநாட்டில் உளவியல் படித்துவிட்டுக் கொழும்பில் பேராசிரியராக இருந்தவர். சொந்த ஊர் யாழ்ப்பாணம். தானும் தமிழர்தானே, மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று தோட்ட நிர்வாகியான துரையிடம் சொல்லியிருக்கிறார். துரை சரி என்றார். அதோடு எங்கள் எல்லோருடைய சம்மதமும் முடிந்தது. பறித்த கொழுந்தை எடைபோட்டபின் பெண்களை வரிசையாக, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்குக் கூட்டி வந்தார்கள். நான் அப்போது கண்டியில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், அக்காவுக்காக வாசலில் காத்துக்கொண்டு நின்றேன்.

அக்காவுக்கு முதல் குழந்தை பிறந்து சில மாதங்களில் இறந்துபோயிருந்தது.

"மனச்சோர்வு இருக்கோ?" என்று கேட்டார் அவர்.

"சோர்வா சார்? மலை ஏறுனா சோர்வாத்தானே இருக்கும்."

"பிள்ளை செத்தது கவலையில்லையோ?"

அக்கா கொழுந்துக் கறை படிந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, "நெஞ்சு அடைக்குது. வயிறு பத்திக்கிட்டு எரியுது. சோறு எறங்கல" என்றாள்.

அவர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். இதமாகப் பேசக்கூடியவர் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த இதத்தை நம்பித்தான், இனி குழந்தை வேண்டாமென்று புருஷனுக்குத் தெரியாமல் மாத்திரை சாப்பிடுவதையும், வாசலில் நின்ற எனக்குக் கேட்காதபடி அக்கா அவரிடம் சொன்னாள். என்னிடம்கூட அவள் அதைச் சொல்லியிருக்கவில்லை. "இது எனக்குள்ளையே இருக்கும்" என்றாராம்.

அவர் ஆங்கிலத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். அதையே சுருக்கித் தமிழ் வாரப் பத்திரிகை ஒன்றிலும் எழுதினார். தோட்டத்துப் பெண்களுக்கு உணர்ச்சிகளை இனங்காணும் ஆற்றல் குறைவாம். பிள்ளை செத்தும் அழவில்லையாம், துக்கத்தைக்கூட வயிற்றுவலியாகத்தான் அறிவார்களாம். ஆண்கள் யோசித்துப் பதில் சொல்கிறார்களாம், அவர்கள் குடிப்பது வாழ்க்கை நெருக்கடியினாலாம். ஆண்களிடம் வேலையைப் பற்றியும் தொழிற்சங்கத்தைப் பற்றியும் கேட்டார். பெண்களிடம் பிள்ளையையும் அடுப்பையும் தவிர எதையும் கேட்கவில்லை. உதாரணத்துக்கு ஒரு பெண்ணையும் காட்டியிருந்தார். கெலிஓயாவை அடுத்த தோட்டம், சுருங்கிய இடது காது, இறந்த குழந்தை, ஒளித்துச் சாப்பிடும் மாத்திரை.

கெலிஓயா சலூனில் யாரோ அதைச் சத்தமாக வாசித்தபோது, அக்காவின் புருஷன் முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தான். பாதிச் சவரத்தோடு வீட்டுக்கு வந்தான். அன்று அவள் இரண்டு விரல்கள் முறிந்தன. அவள் எங்களிடம் வந்தபோது மாற்றுச் சேலைகூட எடுத்து வரவில்லை. பிறகு பிலிமத்தலாவையில் ஒரு தையற்கடையில் சேர்ந்தாள். முறிந்த விரல்கள் நேராகாமலே துணியைத் தள்ளப் பழகிக்கொண்டன.

நான் உளவியல் படித்தேன். ஏன் அந்தப் பாடம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஏதேதோ காரணம் சொல்லியிருக்கிறேன். உண்மையான காரணம் அவர்தான். பல்கலைக்கழக நூலகத்தில் அந்த ஆங்கிலக் கட்டுரையைத் தேடியெடுத்து, மனப்பாடமாகும்வரை படித்தேன். சிலர் சாமி படத்தின் முன் நிற்பதுபோல நான் அதன் முன் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் விரிவுரையாளராகி, ஆய்வு நெறிமுறைக் குழுவிலும் உறுப்பினரான பிறகு அவருடைய விண்ணப்பம் வந்தது. ஓய்வுபெற்றிருந்தார். அதே தோட்டத்தில், அதே பெண்களை மறுபடியும் ஆராய அனுமதி கேட்டிருந்தார். மறுத்து ஒரு வாக்குப் போட்டால் போதும், யாருக்கும் தெரியாது. ஆனால் யாரிடம் தோற்றோம் என்று அவருக்குத் தெரிய வேண்டும். குழுத் தலைவியிடம் போய், "நான் விலகிக்கிறேன், மேடம். இவர் மேல முறைப்பாடு செய்யப்போறவ நான்தான்" என்றேன்.

என் புகார் மீதான விசாரணைக்கு அக்காவை அழைத்துப் போனேன். முடியை இறுக்கி வாரி, காது தெரியக் கொண்டை போட்டிருந்தாள். அவருக்கு அவளை நினைவில்லை. காதைப் பார்த்த பிறகுதான் முகம் மாறியது.

"தங்கச்சி, நான் உங்கட பேரை எங்கையும் எழுதேல்லை" என்றார்.

"பேரை எழுதல சார். காதை எழுதினீங்க."

"அது ஆய்வுக்குத் தேவைப்பட்டது."

"மாத்திர விசயம் எதுக்குத் தேவைப்பட்டுச்சு?"

அவர் தலைவியைப் பார்த்தார். பிறகு, "நீங்கள் விரும்பித்தானே கதைச்சனீங்கள்" என்றார்.

"தொரை சொல்லிக் கூட்டியாந்தாங்க. மாட்டேன்னா அன்னைக்குச் சம்பளத்துக்குப் பேரு போடமாட்டாங்க. நீங்க வேணாமின்னு சொல்லலாமின்னு ஒரு வார்த்த சொன்னீங்களா?" அக்கா கையை மேசைமேல் வைத்தாள். "அழுவலன்னு எழுதுனீங்களாமே. ஒங்க முன்னாடி எதுக்கு சார் அழுவணும்?"

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு தண்ணீரைத் தேடினார். கிளாஸ் என் பக்கத்தில் இருந்தது. நான் நகர்த்திக் கொடுக்கவில்லை. அந்தச் சில நிமிடங்களைப் போல இனிமையான நேரம் என் வாழ்க்கையில் அதிகமில்லை. கல்யாண நாளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அனுமதி மறுக்கப்பட்டது. கண்டியில் அவர் பேசவிருந்த கூட்டமும் கைவிடப்பட்டது. பஸ்ஸில் வரும்போது அக்கா ஜன்னலைப் பார்த்தபடி, "இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருக்கணும்டி" என்றாள்.

எனக்கும் போதவில்லை. முதலாமாண்டு மாணவர்களுக்கு ஆய்வு எப்படிச் செய்யக்கூடாது என்று கற்பிக்க அவருடைய கட்டுரையைத்தான் எடுத்தேன், அவர் பெயரோடு. பிள்ளைகள் அதை வரிவரியாகக் கிழித்தார்கள். மடவளையிலிருந்து வந்த ஒரு மாணவி கேட்டாள்: "நெஞ்சு அடைக்குதுன்னா அது கவலைதானே மிஸ்? இவருக்கு அது விளங்கல்லையா?" பெண்களால் உணர முடியாது என்று எழுதியவரை அந்த வகுப்பு சிரித்துச் சிரித்துத் தள்ளியது. நான் தடுக்கவில்லை.

சில வருடங்கள் கழித்து அவரே தொலைபேசியில் பேசினார். குரல் தளர்ந்திருந்தது. "எனக்கு வயசு போட்டுது, பிள்ளை. அதை நிப்பாட்டுங்கோ" என்றார்.

"நீங்க அந்தக் கட்டுரைய வாபஸ் வாங்குங்க சார். நானும் பாடத்த நிறுத்திர்றேன்."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். கட்டுரையை அவர் வாபஸ் வாங்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை புதிய வகுப்பு தொடங்கியது. கட்டுரையின் முதல் பக்கத்தைத் திரையில் போட்டேன்.