அக்காவின் மருத்துவப் படிவம்

விமானப்படை விமானி ஆக ஆசைப்பட்டவன் நான்தான். ஒரு வயது மூத்த அக்காவுக்கு அந்த எண்ணமே இருந்ததில்லை. ராணுவ அகாடமி நுழைவுத் தேர்வைப் பெண்களும் எழுதலாம் என்று விதி மாறியதும், எனக்குத் துணையாக இருக்கட்டும் என்று அப்பாதான் அவள் பெயரிலும் விமானிப் பிரிவுக்கே விண்ணப்பம் போட்டார். முகப்பேர் ஃபிளாட்டில் எங்களுக்கு ஒரே மேசை, ஒரே கம்ப்யூட்டர். அதில் விமானம் ஓட்டிப் பழக நான் ஒரு பழைய ஜாய்ஸ்டிக் வாங்கி வைத்திருந்தேன். நான் இயற்பியல் டியூஷனுக்குப் போகும் நேரங்களில் அவள் அதை எடுத்து ஓட்டிப் பார்ப்பாள்.

எழுத்துத் தேர்வில் இருவரும் தேறினோம். அடுத்து மைசூருவில் ஐந்து நாள் தேர்வு. விமானி ஆக விரும்புகிறவர்களுக்கு அதில் தனியாக ஒரு கம்ப்யூட்டர் பரீட்சை உண்டு. அதை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எழுத முடியும். தோற்றால் மறு வாய்ப்பே கிடையாது.

இளவயதில் அந்தப் பரீட்சையில் தோற்ற ஒருவர் பாடி தொழிற்சாலையில் அப்பாவோடு வேலை பார்த்தார். கிளம்பும் முன் அவரைப் போய்ப் பார்த்தேன். “எங்க டைம்ல லிவரும் பல்பும் வெச்ச ஒரு பொட்டிதான் கீது. இப்ப கம்ப்யூட்டர். கை லேசா ஆடுனாகூட கணக்குல வந்துடும், நைனா” என்றார்.

அந்தப் பேச்சுதான் பரீட்சை முழுக்க என் காதில் ஓடியது. திரையில் நழுவிய புள்ளியை என்னால் ஜாய்ஸ்டிக்கை அசைத்துக் கட்டத்துக்குள் நிறுத்தவே முடியவில்லை.

கடைசி நாள் ஓர் அதிகாரி, தேறியவர்களின் எண்களை வாசித்தார். அக்காவின் எண் வந்தது. அதன் பிறகு அவர் தாளை மடித்துவிட்டார்.

ரயில் நிலையத்திலிருந்து நான்தான் போன் செய்தேன்.

“இன்னாடா ஆச்சு?” என்றார் அப்பா.

“அக்கா பாஸ்.”

“நீ?”

நான் போனை அக்காவிடம் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தும் இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை. “அவன் மூஞ்சப் பாரு. உனக்கு இன்னாத்துக்குடி இந்த வேல?” என்று அம்மா அவளிடம் ஒருநாள் கேட்டாள். நான் அவளுக்காக வாய் திறக்கவில்லை.

அடுத்த கட்டம் பெங்களூருவில் மருத்துவப் பரிசோதனை. படிவத்தில் ஒரு கேள்வி: எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா? மூன்று வயதில் கடும் காய்ச்சலில் அவளுக்கு ஒருமுறை வந்து, அம்பத்தூரில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

“இல்லன்னு போடு. யாருக்குத் தெரியப்போவுது?” என்றார் அப்பா. அம்மாவும் தலையாட்டினாள்.

அக்கா படிவத்தோடு பால்கனிக்கு வந்தாள். “நீ சொல்லுடா. எழுதவா, வேணாமா?”

“எழுது” என்றேன். நேர்மைக்காகச் சொல்கிறவனைப் போலத்தான் என் குரல் இருந்தது. அதைப் படித்துவிட்டு அவளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று மனசு எதிர்பார்த்ததும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

பெங்களூருவிலிருந்து அவள் கூப்பிட்டபோது நான் பாடி மேம்பாலத்தில் பஸ்ஸில் நின்றிருந்தேன்.

“வலிப்ப பத்தி ரொம்ப நேரம் கேட்டாங்கடா. தலையில ஒயர் ஒட்டி டெஸ்ட் எடுத்திருக்காங்க. நாளைக்குத்தான் சொல்வாங்க.” அவள் குரல் உடைந்திருந்தது.

நான் இறங்க வேண்டிய நிறுத்தம் கடந்துபோனது. அவள் தேற வேண்டும் என்று முதல்முறையாக வேண்டிக்கொண்டேன். அதற்குள் தாமதமாகிவிட்டது என்றும் பயந்தேன்.

சின்ன வயதில் காய்ச்சலோடு வந்தது, அதன் பிறகு வரவேயில்லை, பரிசோதனையிலும் கோளாறு இல்லை என்று மறுநாள் தகுதிச் சான்று கொடுத்துவிட்டார்கள்.

இப்போது அவள் விமானப் பயிற்சியில் இருக்கிறாள். நான் அம்பத்தூரில் ஐடி வேலை. போன விடுமுறைக்கு அவள் வந்திருந்தபோது, அன்று எந்த எண்ணத்தில் ‘எழுது’ என்றேன் என்பதைச் சொல்லிவிட்டேன்.

“தெரியும்டா” என்றாள். “ஊட்ல மத்தவங்க எனக்காகப் பொய் சொல்ல ரெடியா இருந்தாங்க. நீ மட்டும் பொய் சொல்ல மாட்டேன்னுதான் உன்கிட்ட வந்தேன்.”

அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். அக்கா எழுந்து போனாள். என்னால் உடனே எழுந்திருக்க முடியவில்லை.