தோற்றுப்போன வண்டி

அப்பாவிடம் ஒரு டில்லர் இருந்தது. அதைக் குறை சொல்லிவிட்டு எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகச் சோறு தின்றதில்லை. இரண்டு சக்கரம், நீளமான இரண்டு கைப்பிடி, பின்னால் மண்ணைக் கிளறும் கத்திகள். உட்கார இருக்கை கிடையாது. ஓட்டுகிறவர் பின்னாலேயே நடக்கவேண்டும். அதற்கு முதலில் என்ன நிறம் அடித்திருந்தது என்பதில் அப்பாவுக்கும் அம்மாவுக்குமே கருத்து வேறுபாடு உண்டு. வயதில் என்னைவிட மூத்தது. வீட்டில் மரியாதையும் அதற்குத்தான் அதிகம்.

மரியாதைக்குக் காரணம் இருந்தது. எங்களுக்குச் சொந்தமாக இருந்தது ஒரு துண்டு விளை, அதாவது தோட்டம். அதில் கொஞ்சம் ஏத்தன் வாழையும் மரச்சீனிக் கிழங்கும் நின்றன. அதை வைத்து நாலு வயிறு நிறையாது. ஊரில் மற்றவர்களின் விளைகளிலும் தென்னைக்கு இடையில் வாழை, வாழைக்கு இடையில் மரச்சீனி என்று நெருக்கி நட்டிருப்பார்கள். பெரிய டிராக்டர் உள்ளே நுழையாது. அப்பாவின் டில்லர் நுழையும். அந்தக் கூலியில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

அதை ஸ்டார்ட் செய்வதற்குத் தனித் தைரியம் வேண்டும். இடது கையால் ஒரு சின்ன லிவரைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் இரும்பு ஹேண்டிலை மாட்டி ஆங்காரமாகச் சுற்றவேண்டும். நல்ல வேகம் பிடித்ததும் லிவரை விடவேண்டும். சரியாக விட்டால் வண்டி இருமிக்கொண்டு எழும்பும். தப்பினால் ஹேண்டில் திருப்பி அடிக்கும். பக்கத்து விளைக்காரருக்கு அப்படித்தான் மணிக்கட்டு முறிந்தது. அப்பா ஒரே மூச்சில் எழுப்பிவிடுவார். நான் பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துக்கொள்ள வேறென்ன வேண்டும்?

நான் ஐந்தாம் வகுப்பு படித்த அந்த வருஷம் அப்பா அடிக்கடி நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு அம்மாவும் கூடப் போவாள். வயிற்றில் புண் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். புண் என்றால் முழங்காலில் வருவதுதானே, மஞ்சள் வைத்தால் பொருக்குத் தட்டி உதிர்ந்துவிடும். திரும்பி வரும்போது பழம்பொரி வாங்கிவருவார்கள் என்பதால் ஆஸ்பத்திரி விஷயத்தில் எனக்குப் பெரிய வருத்தமும் இல்லை.

அந்த மழைக்காலத்தில்தான் வண்டி மக்கர் செய்யத் தொடங்கியது. அப்பா சுற்றுவார், எழும்பாது. மறுபடியும் சுற்றுவார். பிறகு ஒரு தென்னை மூட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். வண்டிக்கு வயசாகிவிட்டது என்றார் மாமா. அம்மாவின் தம்பி அவர், கல்ஃபிலிருந்து லீவில் வந்திருந்தார். நான் அவரோடு சண்டைக்குப் போனேன். நாள் முழுக்க மழையில் நின்றால் யாருக்குத்தான் உடனே எழும்ப முடியும்?

"அத்தான், காலம் எங்கியோ போயாச்சு. நீங்க இன்னும் இந்த சவத்தையே சுத்திட்டு நிக்கியளே" என்றார் மாமா.

"சவமா? ஏலே, நீ பெட்டி கெட்டி பிளேன் ஏறுததுக்கு முந்தியே எனக்கு சோறு போட்ட வண்டியாக்கும் இது. நான் போனாலும் இது ஓடும், கேட்டியா?"

இப்படியே வாய் வார்த்தையில் ஒரு வாரம் போனது. கடைசியில் மாமா புதுக்கடையில் தெரிந்த ஒருவரிடம் பேசி, ஒரு மினி டிராக்டரை ஓட்டிப்பார்க்க வாங்கிவந்துவிட்டார். சின்னதாக நாலு சக்கரம், மெத்தை வைத்த இருக்கை, கண்ணைப் பறிக்கிற சிவப்பு. பள்ளிக்கூடப் பையன் சட்டைபோல மடிப்புக் கலையாமல் எங்கள் விளையில் வந்து நின்றது. எனக்குப் பார்த்தவுடனே பிடிக்கவில்லை.

அப்பா அதைச் சுற்றி வந்து, பலாப்பழத்தைத் தட்டிப்பார்ப்பது போல விரலை மடக்கி முன்மூடியைத் தட்டினார். டொணடொண என்றது. "தகரம்" என்றார். பிறகு எங்கள் டில்லரைத் தட்டினார். அது சத்தமே போடவில்லை. நான் கைதட்டினேன்.

எந்த வண்டி நல்லது என்று போட்டி நடந்தது. பாதி விளையை அப்பா, பல சுற்றுக்குப் பிறகு எழும்பிய டில்லரில் உழுதார், மறு பாதியை மாமா புது வண்டியில் அடித்தார். வேலி ஓரமாக அக்கம்பக்கத்து ஆட்கள் சாயா கிளாஸோடு நின்றார்கள். டில்லரின் கத்தி செம்மண்ணில் ஆழமாக இறங்கியது. வாழை மூட்டில் வேர் அறுபடாமல் அப்பா அதை வளைத்துத் திருப்பினார். மாமா திருப்பத் தெரியாமல் பின்னால் போய்த் தென்னையில் இடித்து விளக்கை உடைத்தார். டீசலும் எங்கள் வண்டிக்குக் குறைவாகத்தான் ஆனது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பழசுக்கே ஓட்டுப் போட்டார்கள். பழைய இரும்பு பழைய இரும்புதான் என்று ஒருவர் சொன்னதும் நான் மாமாவைப் பார்த்து நாக்கைத் துருத்தினேன்.

அத்தோடு முடிந்தது என்று எல்லாரும் கலைந்தபோது, அப்பா டில்லரை நிறுத்திவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, இங்க வா. இத ஒருக்கா சுத்து."

அம்மா தம்பியை என்னிடம் கொடுத்துவிட்டு வந்தாள். "எனக்கு என்னத்துக்கு இது? நீங்க இருக்கியள்லா."

அப்பா ஹேண்டிலை அவள் கையில் கொடுத்தார். அம்மா சுற்றினாள். பாதிச் சுற்றுக்குமேல் போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை சுற்றியபோது ஹேண்டில் திருப்பி அடித்தது. மாமா பாய்ந்து அவளைப் பின்னால் இழுத்தார்.

"அத்தான், கிறுக்கா ஒமக்கு? அக்காளப் போட்டு எதுக்கு இந்தப் பாடு படுத்துதிய? சுத்துததுக்கு ஒரு ஆள வச்சா போச்சு."

"ஆளு இன்னைக்கு வருவான். நாளைக்குக் கேரளாவுல சோலி கெடைச்சா போயிருவான். அதுக்குப் பொறவு?"

மாமா அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஹேண்டிலைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

அப்பா அம்மாவைப் புது வண்டியில் ஏறி உட்காரச் சொன்னார். சேலையை எப்படிச் செருகிக்கொள்ளவேண்டும் என்றுகூடச் சொன்னார். சாவியை அவள் விரல்களுக்கிடையில் வைத்தார். "திருப்பு" என்றார். அம்மா திருப்பினாள். தையல் மிஷின் போல ஒரு சின்னச் சத்தத்தோடு வண்டி எழும்பியது. அணைக்கச் சொன்னார். மறுபடியும் திருப்பச் சொன்னார். மறுபடியும் எழும்பியது. இன்னொரு தடவை. வண்டி ஒரு முறைகூடத் தவறவில்லை.

"இது மதி" என்றார் அப்பா. எங்கள் ஊரில் மதி என்றால் போதும் என்று அர்த்தம்.

எனக்கு அடக்கமாட்டாத கோபம். தோற்றவனுக்குக் கோப்பை கொடுக்கிற ஊர் உண்டா? "அப்பா, நம்ம வண்டிதான ஜெயிச்சு?"

"ஜெயிச்சது நம்ம வண்டிதான் மக்கா."

"பின்ன?"

"பின்ன ஒண்ணுமில்ல. இது இருக்கட்டும்."

வாதத்தில் ஜெயித்த மாமாவாவது துள்ளிக் குதித்திருக்கலாம். அவர் கால் கழுவப்போகிறேன் என்று கிணற்றுப் பக்கம் போனார். வெகுநேரம் வரவில்லை.

டில்லரைக் கீரிப்பாறைப் பக்கத்து ஆள் ஒருவர் வந்து விலைக்கு வாங்கிக் கொண்டுபோனார். அப்பா அதன் பின்னால் ரோடுவரை நடந்தார். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் விளையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கிளட்சைப் பைய விடு, மேட்டில் கியர் மாற்றாதே என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். கிறிஸ்துமஸுக்கு அவர் கட்டிலோடு ஆகிவிட்டார். அப்போதும் ஜன்னல் வழியே வரும் சத்தத்தைக் கேட்டே குறை கண்டுபிடிப்பார். அம்மாவிடம் போய்ச் சொல்லிவர நான் ஓடுவேன். ஈஸ்டருக்கு அவர் இல்லை.

போன மாதம் கீரிப்பாறைப் பக்கம் போனபோது அந்த டில்லரைப் பார்த்தேன். ஒருவர் அதை மரச்சீனித் தோட்டத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார். கல்லுபோல இருக்கிறது, இன்னும் ஒரு தலைமுறைக்குக் காணும் என்றார். அப்பா சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பிசகில்லை. எங்கள் மினி டிராக்டருக்கோ முன்மூடி துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. இருக்கையில் மெத்தை போய், சாக்கை மடித்துப் போட்டிருக்கிறது. வேறு வாங்கலாமே என்றால் அம்மா காதில் போட்டுக்கொள்ளமாட்டாள். அந்தத் தகரத்தின்மேல் உட்கார்ந்துதான் அவள் ஊரில் பாதி விளையை அடித்துக்கொடுத்தாள். என்னை நர்சிங் படிக்கவைத்தாள், தம்பியைப் பாலிடெக்னிக்குக்கு அனுப்பினாள். இன்றைக்கும் சாவியைத் திருப்பினால் அது உடனே எழும்புகிறது.

அன்று அப்பா "இது மதி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனபிறகும் அம்மா அந்த இருக்கையிலிருந்து இறங்கவில்லை. வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவளுக்கும் என்னைப்போலவே பழைய வண்டியைப் பிரிய மனமில்லை என்று நான் நினைத்தேன். எங்கள் கட்சிக்கு ஒரு ஆள் கூடிவிட்டதில் எனக்கு ஒரு ஆறுதல்கூட வந்தது. தம்பியை இடுப்பில் சரிசெய்துகொண்டு பக்கத்தில் போய், அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"அழாதம்மா. அப்பா எங்கயும் விட்டுட்டுப் போவமாட்டாவ, பாரு. நம்ம வண்டிய விட்டுட்டு அப்பாவால இருக்கமுடியாது."