எண்பத்து நாலு கிலோவில் ஐந்து மாதம்

1. பறித்த பை

ஒரு நோயாளியின் கையிலிருந்து பேரீச்சம்பழப் பையைப் பறித்தவள் நான். முப்பத்தொரு வருடம் நேர்ஸ் வேலை செய்ததில் இன்றும் என்னைச் சுடுகிற வேலை அதுதான். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள், "அனுபவம் ஏதும் சொல்லுங்கோ மிஸ்ஸி" என்று கேட்டால் சேவை, தியாகம் என்று பேச எனக்கு வராது. இதைத்தான் சொல்வேன்.

மன்னாருக்கும் சிலாவத்துறைக்கும் இடையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். செவ்வாய்க்கிழமைகளில் அங்கே சுகர் கிளினிக் நடக்கும். எல்லோரும் வெறும் வயிற்றோடு வரவேண்டும். விரலில் குத்தி இரத்தம் பார்த்து, நிறை பார்த்து, டொக்டரைக் கண்டு, மருந்து எடுத்து முடியப் பதினொரு மணியாகிவிடும்.

அன்றைக்குப் பத்து மணிபோல, நோயாளிகள் குந்தியிருக்கிற வாங்கு வரிசையைப் பார்த்துக்கொண்டு போனேன். கடைசி வாங்கில் றகுமா இருந்தார். சிலாவத்துறைப் பக்கத்துப் பெண். நாற்பத்தாறு வயது, மூன்று பிள்ளைகளின் தாய். முந்தானைக்குள்ளே கையை விட்டு எதையோ எடுத்து வாயில் போடப் போனார். கை நடுங்கியது. பிடிபட்ட பயத்தில் நடுங்குகிறது என்று நினைத்தேன்.

"என்ன தின்னுறீங்கள்?"

"ஒண்டுமில்ல மிஸ்ஸி."

முந்தானையை விலக்கினேன். பொலித்தீன் பையில் ஏழெட்டுப் பேரீச்சம்பழம். எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது.

"இதுதானோ உங்கட டயட்? அஞ்சு மாசமா நிறை ஏன் இறங்கேல்ல எண்டு இப்பத்தான் விளங்குது. களவாத் தின்னுறது, பிறகு எங்களுக்குக் கதை சொல்லுறது!"

வரிசையே திரும்பிப் பார்த்தது. இரண்டு பேர் சிரித்தார்கள். பையைக் கொண்டுபோய் என் மேசை லாச்சிக்குள் போட்டேன். பத்து நிமிடம் இருக்கும். "மிஸ்ஸி, ஆள் விழுந்திட்டா!" என்று சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் றகுமா நிலத்தில் கிடந்தார். உடம்பு வேர்வையில் தெப்பம். விரலில் குத்திப் பார்த்தேன். நாற்பத்திரண்டு. வெறும் வயிற்றிலேயே எழுபதுக்குக் குறையக் கூடாத சீனி அது.

2. நிறை கூப்பிடுதல்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும்.

றகுமாவுக்கு வயிற்றில் ஹேர்னியா. மூன்றாவது பிள்ளைக்குச் சீசர் வெட்டின தழும்பில் குடல் தள்ளிக்கொண்டு நின்றது. பழைய சாரத்துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டிக்கொண்டு திரிந்தார். குனிய முடியாது. தொழுகையைக்கூடக் கதிரையில் இருந்துதான் தொழுதார். குடல் இறுகி இரண்டு தரம் சத்தியெடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். மூன்றாந்தரம் இறுகினால் உயிருக்கே ஆபத்து. சத்திரசிகிச்சை டொக்டர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: "எண்பதுக்குக் கீழ கொண்டு வாங்கோ. பிறகுதான் கத்தி வைப்பன்."

சீனி வியாதியோடு எங்களிடம் வரும்போது தொண்ணூற்றாறு கிலோ. நாங்கள் கொடுத்த கடதாசியில் என்ன இருந்ததோ அதை அப்படியே செய்த நோயாளி எனக்குத் தெரிய அவர் ஒருவர்தான். சோற்றைப் பாதியாக்கினார். சீனி போட்ட தேத்தண்ணியை விட்டார். சுபஹு தொழுதுவிட்டுக் கடற்கரை வரை நடந்துவிட்டு வந்தார். ஏழு மாதத்தில் எண்பத்து நாலு. அதற்குப் பிறகு நின்றதுதான். ஒரு மாதம், இரண்டு மாதம், ஐந்து மாதம். முள் அசையவில்லை.

எங்கள் கிளினிக்கில் தராசு கொரிடோரின் ஒரு முனையில். நிறை எழுதுகிற என் மேசை மற்ற முனையில். இடையில் நாற்பது பேர். அற்றென்டன் சேவியர் தராசடியில் நின்று கூப்பிடுவார், நான் எழுதுவேன். யாரோ எப்போதோ அப்படிப் போட்டார்கள், நாங்களும் மாற்றவில்லை.

"றகுமா! எண்பத்து நாலு! அசையேல்ல!"

அந்த 'அசையேல்ல' சேவியரின் சொந்தச் சரக்கு. ஒவ்வொரு மாதமும் சனம் சிரிக்கும். அந்த மனுசி தலையைக் குனிந்துகொண்டு என் மேசைக்கு வருவார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஒரு பெண்ணின் நிறையை நாற்பது பேருக்குக் கேட்கக் கத்த எங்களுக்கு யார் உரிமை தந்தது? இப்போது கேட்கிறேன். அப்போது கேட்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நிறை நின்ற முதல் மாதத்திலேயே அவர் என்னிடம் சொன்னவர்.

"மிஸ்ஸி, பத்து மணியானா உடம்பு பதறுது. கண் இருட்டுது."

நான் கொப்பியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னேன்: "அது கொழுப்புக் கரையிறது. நல்லதுதான்."

எந்தப் புத்தகத்தில் படித்தேன்? ஒன்றிலும் இல்லை. வாங்குகளில் சனம் கதைக்கிற கதை அது. அதை வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நான் சொன்னேன். அவர் நம்பினார்.

3. ரிப்பீட்

கையில் ஊசி போட்டு டெக்ஸ்ரோஸ் சீனித்தண்ணி ஏற்றினோம். கண் திறந்ததும் றகுமா தண்ணீர் கேட்கவில்லை, பிள்ளைகளைக் கேட்கவில்லை.

"மிஸ்ஸி, அல்லாஹ்வுக்காகச் சொல்லுறன், நான் களவாத் தின்னேல்ல. பதறினா மட்டும்தான் ரெண்டு பேரீச்சம்பழம் போடுவன். நிக்காட்டிச் சீனித் தேத்தண்ணி. குடிக்காட்டி விழுந்திடுவன்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம். கிளினிக் நாளெண்டா ரெண்டு தரம்."

"கிளினிக் நாளில குளிசை எப்ப போடுறனீங்கள்?"

"சுபஹுக்கு. காலை எண்டுதானே உறையில எழுதியிருக்கு. வெறும் வயித்தோட வரச் சொன்னீங்கள், குளிசை போடவேணாம் எண்டு ஆரும் சொல்லேல்லயே."

அவருடைய கிளினிக் கொப்பியை விரித்தேன். முதல் பக்கம், தொண்ணூற்றாறு கிலோ: சீனியை இறக்குகிற குளிசை காலை இரண்டு, பின்னேரம் இரண்டு. அடுத்த மாதம்: ரிப்பீட். அதற்கடுத்தது: ரிப்பீட். எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு ரிப்பீட். மனுசி பன்னிரண்டு கிலோ இறங்கி, சாப்பாட்டைப் பாதியாக்கி, நடையும் நடக்கிறார். குளிசை மட்டும் தொண்ணூற்றாறு கிலோவில் நிற்கிறது. அது சீனியைப் பாதாளத்துக்கு இழுக்க, உயிரைப் பிடிக்க அவர் இனிப்புத் தின்ன, நிறை எப்படி இறங்கும்? எங்கள் மருந்துதான் அவரைத் தின்ன வைத்தது. தின்றதற்கு நாங்களே கள்ளி என்றோம்.

ஒவ்வொரு ரிப்பீட்டுக்குக் கீழும் என் கையெழுத்து.

4. பெரிய டொக்டர்

கொப்பியைக் கொண்டுபோய் கிளினிக் டொக்டரின் மேசையில் வைத்தேன். கெட்ட மனுசன் இல்லை. ஆனால் நாற்பது பேரை இரண்டு மணித்தியாலத்தில் பார்த்து முடிக்கிற மனுசன்.

"சீனி நல்லா இருக்கெல்லே? பிறகு ஏன் குளிசைய மாத்துவான்?"

"நல்லா இருந்த ஆள் நிலத்தில கிடந்தா டொக்டர்."

"மிஸ்ஸி, இவை எல்லாரும் பொய் சொல்லுறவை. வாயக் கட்டச் சொல்லுங்கோ."

"வாயக் கட்டினபடியாத்தான் விழுந்தவ. பொய் சொன்னது இந்தக் கொப்பி. பன்ரண்டு ரிப்பீட் இருக்கு, எண்ணிப் பாருங்கோ."

என் சத்தம் வெளியே கேட்டதாகச் சேவியர் பிறகு சொன்னார். கேட்கட்டும். நிறையைக் கத்தலாம், இதைக் கத்தக் கூடாதா? டொக்டர் பக்கங்களைப் பிரட்டினார். பிறகு எழுதினார்: காலை ஒன்று, பின்னேரம் அரை, சாப்பாட்டோடு.

"நிறை ஏறிச்சுதெண்டா நீங்கள்தான் பதில் சொல்லவேணும்" என்றார்.

ஏறியது. அடுத்த மாதம் எண்பத்து நாலரை. டொக்டர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. றகுமா அழுதார். "விடுங்கோ மிஸ்ஸி, எனக்கு இறங்கிற உடம்பில்ல" என்றார். அவரைக் கதிரையில் இருத்தி, சாப்பிட்டதை ஒவ்வொன்றாகக் கேட்டேன். பதறல் நின்றுவிட்டது, ஆனால் பதறிவிடுமோ என்ற பயம் நிற்கவில்லை. பத்து மணிக்குப் பேரீச்சம்பழம் இன்னும் போய்க்கொண்டிருந்தது. சீனி பார்க்கிற மிசின் ஒன்றைக் கொடுத்து, பதறுவது போலிருந்தால் முதலில் குத்திப் பார்க்கச் சொன்னேன். காலையில் ஒரு முட்டையோ மீன் துண்டோ கட்டாயம், அதற்குப் பிறகுதான் குளிசை, அதற்குப் பிறகுதான் நடை. கிளினிக் நாளில் குளிசையைக் கையில் கொண்டு வரவேண்டும், இரத்தம் எடுத்ததும் சாப்பாட்டோடு போடவேண்டும். இந்தக் கடைசி வரியை மற்ற எல்லோருடைய கொப்பியிலும் சிவப்புப் பேனையால் எழுதினேன்.

தராசைத் தூக்கி மருந்து கட்டுகிற அறைக்குள் திரைக்குப் பின்னால் வைத்தேன்.

"ஏன் மிஸ்ஸி, இவை என்ன கலியாணப் பொம்பிளையளோ?" என்று சேவியர் புறுபுறுத்தார்.

"உம்மட நிறையச் சந்தையில கத்தட்டோ?" என்றேன்.

அடுத்த மாதம் எண்பத்து மூன்று. பிறகு எண்பத்தொன்றரை. அதற்கடுத்ததில் ஒன்றும் இறங்கவில்லை, ஆனால் இந்த முறை நாங்கள் யாரும் அவரை முறைத்துப் பார்க்கவில்லை. கொப்பியைப் பார்த்தோம், குளிசையை இன்னும் அரை குறைத்தோம். ஆறாவது மாதம் எழுபத்தொன்பது கிலோ அறுநூறு கிராம். நானே எழுதினேன், மெதுவாக அவருக்கு மட்டும் கேட்கச் சொன்னேன்.

5. அதே பை

ஒப்பரேசன் முடிந்து இரண்டு மாதத்தில் றகுமா கிளினிக்குக்கு வந்தார். நிமிர்ந்து நடந்து வந்தார்.

"இப்ப நிலத்தில தொழுறன் மிஸ்ஸி. நெத்தி பாயில படுது" என்றார்.

பிள்ளைகளே, நோயாளியின் நிறை நின்றுவிட்டால் அவருடைய வாயைச் சந்தேகிப்பதற்கு முதல் உங்கள் கையெழுத்தைச் சந்தேகியுங்கள். எனக்கு இதைப் படிக்க முப்பது வருடமும் ஒரு பெண்ணின் மானமும் செலவானது. அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது, கூடுதலாக என்மேல்தான்.

றகுமா ஒரு பொலித்தீன் பையை மேசையில் வைத்தார். பேரீச்சம்பழம்.

"இந்த முறை பறிக்கத் தேவையில்ல, நானே தாறன்" என்று சிரித்தார்.

எடுக்கக் கையை நீட்டினேன். வெட்கத்தில் விரல்கள் ஒரு நிலையில் நிற்கவில்லை. அவர் சிரிப்பை நிறுத்தி என் கையைப் பிடித்தார்.

"கை நடுங்குது மிஸ்ஸி. காலம சாப்பிட்டனீங்களோ?"

என்ன தின்றீர்கள் என்று அவரிடம் ஒவ்வொரு மாதமும் கேட்டிருக்கிறேன். இத்தனை மாதத்தில் ஒருநாள்கூட, சாப்பிட்டீர்களா என்று கேட்டதில்லை.