தோல் காயும் வாசனை

துறைமுக மன்றத்தில் அரபு இசைக்குழுவின் கச்சேரி. என் பால்யச் சேக்காளி காசிம், மேடையோரம் தன் தஃப் மேளத்தை மின்அடுப்பில் வாட்டிக்கொண்டிருந்தான். ஈரத்தோல் காயும் அந்த வாசனையில் எனக்குப் பத்து வயதாகிவிட்டது.

அன்று அவன் வீட்டு முற்றத்தில், அவனுடைய வாப்பா ஓலைத் தீயில் தஃப்களை வாட்டுவார். காசிம் முதன்முதலாக அடிக்கவிருந்த கல்யாணத்துக்கு முன்பே என் அம்மா ஆரம்பித்துவிட்டாள்: "பாருலே, காசிம் எம்புட்டு அழகா அடிக்கான்!" அது போதாதா? அவன் தஃப்பில் ஒரு தம்ளர் தண்ணீரைத் தெளித்துவிட்டேன். கல்யாணத்தில் அது நனைந்த சாக்குபோல 'பொத் பொத்' என்றது.

"பாழாப்போன கடக்காத்து!" என்றார் வாப்பா. நானும் சேர்ந்து கடலைத் திட்டினேன்.

இன்று மாலுமிகள், உப்பளத்துக்காரர்கள், பாதிரியார் என்று மன்றம் நிறைய ஆட்கள். எனக்கு முடிதான் போயிருக்கிறது, பொறாமை அப்படியே இருக்கிறது. காசிம் மைக்கைப் பிடித்தான்.

"முதல் வரிசையில என் சேக்காளி இருக்கான். அவன் கையில உள்ள தண்ணி பாட்டில யாராவது வாங்கிருங்க அண்ணாச்சி. பொறவுதான் அடிப்பேன்."

நாற்பது வருடமாகத் தெரிந்தேயிருக்கிறது பயலுக்கு! பக்கத்திலிருந்த பாதிரியார் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார். சபை சிரித்துக் கைதட்டியது. என் வாழ்நாளில் நான் வாங்கிய முதல் கைதட்டல்.