பெயர் வாசிக்காத பூசை

என் கணவர் தென்துருவத்துக்குச் சமைக்கப் போனார். இதைச் சொன்னால் இன்றைக்கும் ஆட்கள் சிரிக்கிறார்கள். இத்தாலியில், பலேர்மோவின் கடலோரப் பகுதியான ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தின் குசினியில் பதினைந்து வருடம் வெந்த மனிதர். இத்தாலியக் குடியுரிமை கிடைத்த கையோடு, பனிக்கண்டத்து ஆராய்ச்சி நிலையம் ஒன்றுக்குச் சமையலாள் தேவை என்ற அறிவித்தலைப் பார்த்து எழுதிப் போட்டுவிட்டார். மன்னார் வெயிலில் பிறந்தவருக்கு இது என்ன விசர் என்று கத்தினேன். "ஒரு வருசம்தானே அப்பா," என்றார்.

மாசியில் கடைசி விமானம் புறப்பட்டால் கார்த்திகை வரை அங்கே யாரும் வரவும் முடியாது, போகவும் முடியாது. பதின்மூன்று பேர். மூன்று மாதத்துக்குச் சூரியனே இல்லை. உயரமான இடமாம், தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், சோறு மட்டும் அவியாது. முதல் மாதம் முழுக்க அவருக்கு அதுதான் கவலை. மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து நான் வீட்டுக்கு வந்ததும் கூப்பிடுவார், சோற்றைப் பற்றி முறையிடுவார்.

எனக்கு நகர நடுவில், பொலிதேயாமாப் பக்கம் ஒரு இத்தாலியச் சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் வேலை. எட்டிலிருந்து நாலு வரை அவவோடு இத்தாலியன். அதற்குப் பிறகு கதைக்க ஆளில்லை. எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. ஒருத்திக்குச் சமைக்கப் பஞ்சிப்பட்டு, பல நாள் பாணோடும் சம்பலோடும் படுத்துவிட்டேன்.

வைகாசிக் கடைசியில் மாமி, அவருடைய அம்மா, மன்னாரில் இறந்துபோனா. அவருடைய அக்காதான் எனக்கு அழைத்தா.

"மச்சாள், தம்பிக்கு இப்ப சொல்லாதையுங்கோ. அவனாலை வரவும் ஏலாது. தன்னந்தனிய அங்கை இருந்து என்ன செய்வான்?"

வரமுடியாதவனுக்குச் சாவைச் சொல்லாமல் விடுவது எங்கள் ஆட்களின் வழக்கம். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி கிடைக்காமல் நிற்பவனிடம் "அம்மாவுக்குக் கொஞ்சம் கடுமை" என்பார்கள். அவன் ஊருக்குப் போய் இறங்கும்போது கல்லறையில் புல் முளைத்திருக்கும். நானும் ஓம் என்றேன். அன்று எனக்கு அது அன்பாகத்தான் தெரிந்தது.

பொய்க்கு வாய் மட்டும் போதாது என்று பிறகுதான் விளங்கியது. கண்ணீர் அஞ்சலிப் படத்தை யாரும் முகநூலில் போட வேண்டாம் என்று தெரிந்த தமிழ் வீடுகளுக்கெல்லாம் போய்க் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் "அம்மா எப்பிடி?" என்பார். "சுகமா இருக்கிறா" என்பேன். வைத்துவிட்டுப் போய் முகம் கழுவுவேன்.

ஆனி மாதம் அங்கே பெரிய விருந்து. குளிர்காலத்தின் நடுநாளைக் கொண்டாடுவார்களாம். காகிதத் தொப்பி போட்டுக்கொண்டு இவர் ஆடுகிற படம் ஒன்று வந்தது. மாமி போய் ஒரு மாதமும் ஆகவில்லை. கைதட்டும் படம் ஒன்றை அனுப்பி, "நல்ல வடிவா இருக்கிறியள்" என்று எழுதினேன். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

அடுத்த கிழமை முப்பத்தோராம் நாள் பூசை. மாமியின் பெயரை வாசிக்க வேண்டாம் என்று பங்குச் சுவாமியிடம் மன்றாடினேன். வாசித்தால் கோயில் வாசலிலேயே விசயம் தெரியாத நாலு பேர் கைபேசியை எடுத்து அவருக்கு அனுதாபம் அனுப்பிவிடுவார்கள். சுவாமி "ஒரு ஆன்மாவுக்காக" என்று மட்டும் சொன்னார். கறுப்பு உடுக்காமல் முன்வாங்கில் நான் தனியே இருந்தேன்.

ஆடியில் என் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கவேண்டி, க்வெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோருக்குக் கொண்டுபோகக் கடதாசிகள் தேடினேன். அவருடைய கோப்புக்குள், பயணத்துக்கு முன் அவர் நிரப்பிக் கொடுத்த படிவத்தின் பிரதி கிடந்தது. குளிர்காலத்தில் உங்கள் குடும்பத்தில் மரணம் நேர்ந்தால் அறிவிக்கலாமா என்று ஒரு கேள்வி. 'ஆம், உடனே' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டிருந்தார். யார் அறிவிக்க வேண்டும் என்ற இடத்தில் என் பெயர்.

கடதாசிகளுக்கு நடுவில் நிலத்திலேயே இருந்துவிட்டேன். அவரிடம் கேட்டிருக்கிறார்கள், அவர் பதில் சொல்லியிருக்கிறார். நாங்கள் ஒருவரும் கேட்கவே இல்லை.

அந்த ஞாயிறு சொன்னேன்.

"இஞ்சருங்கோ, மாமி மோசம் போயிட்டா."

"எப்ப?"

"வைகாசிக் கடைசியிலை."

"அப்ப நான் ஆடினது?"

"அதுக்குப் பிறகு."

"நீ கைதட்டினனி."

பிறகு அவரே கேட்டார்.

"பூசையிலை அம்மாவின்ரை பேரை வாசிச்சவையோ?"

"இல்லை," என்றேன். வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு அழைப்பு வரவில்லை. கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு இருட்டும்வரை இருந்தேன். இந்த மனிதர் இனி என்னோடு கதைக்கவே மாட்டாரோ என்று பயந்தேன். அதற்கடுத்த ஞாயிறு எடுத்தார்.

சாப்பாட்டு மேசையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாராம். மூன்று நாள் அவரை அடுப்படிக்கே விடவில்லையாம். செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்று யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. ஒரு பின்னேரம் எல்லாரும் எழும்பி நின்று மாமியின் பெயரை ஒவ்வொருவராகச் சொன்னார்களாம்.

"பன்ரண்டு பேரும் பிழையாத்தான் சொன்னவை," என்றார். "ஆனா எல்லாரும் சொன்னவை. என்னோடை இருந்து அழுதவை."

"நல்லது," என்றேன்.

"நீ ஆரோடை அப்பா அழுதனி?" என்று கேட்டார்.

தமிழர் இத்தனை பேர் இருக்கிற பலேர்மோவில் ஒரு பெயரைத் தேடிப் பார்த்தேன்.

"ஒருத்தரோடையும் இல்லை," என்றேன்.