எந்த மாமா

நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் ஞானேஸ்வரி டீச்சர்தான் ஆலோசனை ஆசிரியை. வயிற்றுவலி என்றாலும் வீட்டுச் சண்டை என்றாலும் பிள்ளைகள் அவரிடம்தான் ஓடுவார்கள். அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. எனக்கு ஆத்திரம் வருவதே அதனால்தான்.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து வரும் நிரோஷினிக்கு எட்டு வயது. தகப்பன் இல்லை. தாய் பரிமளம் விடிந்ததும் கொழுந்து பறிக்கப் போய்விடுவாள். பரிமளத்தின் தம்பி வீரய்யாதான் புத்தகப் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு பிள்ளையைக் கேட் வரை கொண்டுவந்து விடுவான். அவளுக்கு ரிப்பன் கட்டிவிடுவதும் அவன்தான். கோணலாகத்தான் இருக்கும், நாங்கள் கேலி செய்வோம்.

ஒருநாள் பிள்ளையின் கையில் சூட்டுக் காயத்தைக் கண்டு டீச்சர் கேட்டார்.

"மாமா சூடு வச்சிட்டாரு டீச்சர். யாருகிட்டயும் சொல்லிறாதீங்க."

பிள்ளைக்கு ஆபத்து என்றால் அப்படி மறைத்து வைக்கக் கூடாது. பிரதேச செயலகத்துச் சிறுவர் அதிகாரியிடம் சொல்ல வேண்டும். அவர் விசாரிக்கும்வரை வீட்டாரிடம் மூச்சு விடக் கூடாது. பயிற்சி வகுப்பில் இதைக் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லியிருந்தார்கள். டீச்சருக்கோ மனசு கேட்கவில்லை. பெற்றவளுக்குத் தெரியாமல் எப்படி என்று பரிமளத்தைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

பரிமளம் கொஞ்ச நேரம் வாயடைத்து நின்றாள். பிறகு, "எந் தம்பிதான் டீச்சர். நா பாத்துக்கிறேன்" என்றாள்.

போய் லயம் முழுக்க ஒப்பாரி வைத்தாள். அன்று மாலையே வீரய்யாவை அடித்துத் துரத்திவிட்டார்கள். மறுநாள் கிழிந்த உதட்டோடு கேட்டில் வந்து நின்றான்.

"நா பாப்பா மேல கை வச்சதே இல்லீங்க டீச்சர்."

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர்கள் இல்லை.

அடுத்த மாதம் பிள்ளையின் மற்றக் கையிலும் சூடு. டீச்சர் பதறிப்போனார்.

"மாமாதான் போயிட்டாரேம்மா. இது யாரு?"

"போனது வீரய்யா மாமா டீச்சர். இது அம்மா கூட்டிட்டு வந்த மாமா. அம்மாதான் அவர மாமான்னு கூப்பிடச் சொன்னாங்க. வீரய்யா மாமா இருந்தப்ப அவரு பயந்து பயந்துதான் அடிப்பாரு."

அந்த வீட்டில் இன்னொருவன் வந்து சேர்ந்திருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. பரிமளத்துக்குத் தெரியும். யாரைக் காட்டிக்கொடுப்பது என்று யோசித்துத்தான் அன்று வாயடைத்து நின்றிருக்கிறாள், பாவி.

இந்தத் தடவை டீச்சர் நேரே அதிகாரியிடம் போனார். பொலிஸ் அந்த ஆளைப் பிடித்தது. பிள்ளையைக் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு சிறுவர் இல்லத்தில் சேர்த்தார்கள். தாய்மாமன் இருந்தால் அவனிடமே ஒப்படைக்கப் பார்க்கலாம் என்றார் அதிகாரி. எங்காவது கடையில் வேலைக்குச் சேர்ந்திருப்பானோ என்று டீச்சர் கெலிஓயாவிலும் புசல்லாவையிலும் கடை கடையாக ஏறி இறங்கினார். வீரய்யா கிடைக்கவில்லை.

மாதாமாதம் பௌர்ணமிப் போயா விடுமுறையில் டீச்சர் இல்லத்துக்குப் போவார். நானும் துணைக்குப் போவேன். நிரோஷினி ஓடிவந்து, எங்களை விட்டுவிட்டு எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பாள்.

"மாமா வந்துட்டாரா டீச்சர்?"

எந்த மாமா என்று டீச்சர் கேட்பதில்லை.